68,757 வாக்குகளுக்குப் பிறகு

2012 மார்ச் மாதத்தில் தமிழக அரசு சென்னைக் கோட்டையில் இருந்ததைவிடச் சங்கரன்கோவிலில்தான் அதிகம் இருந்தது. தெருவுக்கு ஓர் அமைச்சர். விசைத்தறிச் சத்தம் கேட்கும் சந்துகளிலும் பூ மார்க்கெட் வாசலிலும் கைகூப்பி நின்றார்கள். அமைச்சராக இருந்த சொ. கருப்பசாமி 2011 அக்டோபரில் காலமானதால் வந்த இடைத்தேர்தல் அது. பிப்ரவரி 1 அன்று சட்டமன்றத்தில் ஜெயலலிதாவுக்கும் விஜயகாந்துக்கும் மோதல் வெடித்தபோது, 'சங்கரன்கோவிலில் தனியாக நின்று பாருங்கள்' என்ற பொருளில் முதலமைச்சர் விட்ட சவால், இந்தச் சிற்றூர்த் தேர்தலை மாநிலத்தின் மானப் பிரச்சினையாக்கிவிட்டது. தி.மு.க., ம.தி.மு.க., தே.மு.தி.க. மூன்றும் தனித்தனியே நின்றன. மார்ச் 18 வாக்குப்பதிவு. மார்ச் 21 அன்று எண்ணி முடித்தபோது அ.தி.மு.க.வின் முத்துச்செல்வி 68,757 வாக்குகள் வித்தியாசத்தில் ஜெயித்திருந்தார்.

அந்த இரண்டு தேதிகளுக்கும் நடுவில் நடந்ததை மறந்துவிடக் கூடாது. வாக்குப்பதிவுக்கு மறுநாள், மார்ச் 19, கூடங்குளம் அணுமின் நிலையத்தைத் திறக்கலாம் என்று தமிழக அமைச்சரவை முடிவெடுத்தது. மக்களின் அச்சம் தீரும்வரை பணிகளை நிறுத்திவைக்க வேண்டும் என்று 2011 செப்டம்பரில் தீர்மானம் போட்ட அதே அமைச்சரவை. கூடங்குளமும் சங்கரன்கோவிலும் அப்போது ஒரே திருநெல்வேலி மாவட்டம். மார்ச் முடிவதற்குள் மின்கட்டண உயர்வும் வந்துவிட்டது. கரண்ட் போனால் தறி நிற்கும், தறி நின்றால் அன்றைய கூலி இல்லை என்ற ஊரில், விரலில் வைத்த மை காய்வதற்குள் இத்தனையும் நடந்தது.

புதிதாகப் போன ஓர் உறுப்பினரால் என்ன செய்திருக்க முடியும் என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் அவர் அரசியலுக்குப் புதியவர் அல்ல. 2011 அக்டோபரில் நடந்த உள்ளாட்சித் தேர்தலில் நகராட்சித் தலைவரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுத்தார்கள். சங்கரன்கோவில் தேர்ந்தெடுத்தது முத்துச்செல்வியை. எந்தத் தெருவில் சாக்கடை அடைத்திருக்கிறது, எந்த வார்டில் எத்தனை நாளுக்கு ஒருமுறை தண்ணீர் வருகிறது என்பது நகராட்சித் தலைவரின் அன்றாடப் பாடம். அதைப் படிக்கத் தொடங்கி ஐந்து மாதத்துக்குள் அவரைக் கோட்டைக்கு அனுப்பிவிட்டார்கள். 2016 தேர்தலில் கட்சி அவருக்கு மறுபடி வாய்ப்புத் தரவில்லை. நாலு ஆண்டு சட்டமன்ற அனுபவமும் 68,757 என்ற எண்ணும் வேட்பாளர் பட்டியலில் ஒரு வரிக்குக்கூட உதவவில்லை.

அவருக்குப் பதிலாக நின்ற வி.எம். ராஜலட்சுமியும் நகராட்சித் தலைவராக இருந்து வந்தவரே. 14,489 வாக்குகள் வித்தியாசத்தில் வென்றார். 2017இல் ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் நலத்துறை அமைச்சரானார். எடப்பாடி பழனிசாமியின் அமைச்சரவையில் இருந்த நான்கு பெண்களில் ஒருவர். நகராட்சி அலுவலகத்திலிருந்து கோட்டைவரை ஒரு பெண் ஏறிப்போன இந்தப் பாதை நமக்குப் பெருமை தரவேண்டிய ஒன்று. 2021இல் 234 பேர் கொண்ட சட்டமன்றத்துக்குத் தமிழ்நாடு தேர்ந்தெடுத்த பெண்கள் வெறும் 12 பேர் என்பதை வைத்துப் பார்த்தால் அந்தப் பெருமையின் எடை புரியும். அந்தத் தேர்தலில் ராஜலட்சுமி 5,297 வாக்குகளில் தோற்றார். தி.மு.க.வின் ஈ. ராஜா வென்றார். 1989க்குப் பிறகு தி.மு.க. இங்கே ஜெயித்தது அப்போதுதான்.

இவர்களுக்கு முன்னால் இருந்த கருப்பசாமியின் வாழ்க்கை வேறு மாதிரி. 1996இல் வீசிய அலையில் ஜெயலலிதாவே பர்கூரில் தோற்றார். தமிழ்நாடு முழுவதும் அ.தி.மு.க.வுக்குக் கிடைத்தது நான்கே நான்கு இடம். அதில் ஒன்று சங்கரன்கோவில். மிகக் குறைந்த வித்தியாசத்தில் தப்பிய வெற்றி. அதன்பின் 2001, 2006, 2011 என்று மூன்று முறை அதே தொகுதியில் அதே மனிதர். கட்சி அவரை மாற்றவில்லை, ஊரும் மாற்றவில்லை. ஒரு சட்டமன்ற உறுப்பினரின் அரசியல் வாழ்க்கை பதினைந்து ஆண்டு நீண்டால், அரசு அலுவலகங்களில் கோப்பு எங்கே தூங்குகிறது, யாரிடம் போய் நின்றால் எழும் என்பது அவருக்கு அத்துப்படியாகும். அடுத்து வந்த இரண்டு பெண்களுக்கும் அந்த நீண்ட காலம் கொடுக்கப்படவில்லை. ஒருவருக்குக் கட்சி கொடுக்கவில்லை, இன்னொருவருக்கு வாக்காளர்கள் கொடுக்கவில்லை. வாக்காளர்கள் மறுத்தால் அது ஜனநாயகம். கட்சி மறுத்தால் காரணமாவது சொல்ல வேண்டாமா?

சங்கரன்கோவில் தனித்தொகுதி. தமிழ்நாட்டில் இப்போது பட்டியல் சாதியினருக்கு 44 தொகுதிகள். 1932 பூனா ஒப்பந்தத்தில் இரட்டைமலை சீனிவாசனும் எம்.சி. ராஜாவும் கையெழுத்திட்டபோது சென்னை மாகாணத்துக்கு ஒதுக்கப்பட்டவை 30. அந்த ஒப்பந்தத்தின் விளைவை நாம் இன்றும் அனுபவிக்கிறோம். தனித்தொகுதியில் நிற்பவர் பட்டியல் சாதியைச் சேர்ந்தவராக இருக்க வேண்டும், ஆனால் ஓட்டுப் போடுவது எல்லோரும். ஆகவே யாருக்காக அந்த இடம் ஒதுக்கப்பட்டதோ அவர்களுடைய வலியை உரக்கச் சொன்னால் மற்றவர்கள் ஓட்டு போய்விடுமோ என்ற பயம் வேட்பாளருக்கு இருந்துகொண்டே இருக்கும். சீட்டும் கட்சித் தலைமையின் கையில். மேலேயும் பயம், பக்கத்திலும் பயம். இத்தனைக்கும் நடுவில் நின்று பேசுகிறவர்களை நான் மதிக்கிறேன். பேசாதவர்களைக் குற்றம் சொல்வதற்கு முன் அவர்களை அந்த இடத்தில் நிறுத்திய கட்சிகளைத்தான் கேட்பேன்.

இது ஏட்டுப் பேச்சு இல்லை. 2006 அக்டோபர் உள்ளாட்சித் தேர்தலில் இந்த வட்டாரத்தின் நக்கலமுத்தன்பட்டி ஊராட்சிக்குத் தலைவரான தலித் ஒருவர், பதவியேற்ற அடுத்த மாதமே வெட்டிக் கொல்லப்பட்டார். நாற்காலி அவருக்கு, அதிகாரம் எங்களுக்கு என்று நினைத்தவர்களுக்கு அவர் தலையாட்ட மறுத்ததே காரணம் என்று அப்போது பேசப்பட்டது. பதினாறு ஆண்டு கழித்து, 2022 செப்டம்பரில், சங்கரன்கோவில் அருகே பாஞ்சாகுளத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் கடைக்குத் தின்பண்டம் வாங்கப் போனார்கள். 'ஊர்க் கட்டுப்பாடு, உங்களுக்குக் கொடுக்க மாட்டோம்' என்று சொல்லி அனுப்பினார்கள். அந்தக் காணொளியை நாடே பார்த்தது. குற்றம் சாட்டப்பட்டவர்கள் ஊருக்குள் நுழையத் தடை விதித்தது நெல்லை நீதிமன்றம். கையில் காசோடு திரும்பி நடந்த அந்தப் பிள்ளைகளின் முகம் இதை எழுதும்போதும் கண்ணுக்குள் நிற்கிறது. ஆதிதிராவிடர் நலத்துறைக்கு அமைச்சரையே தந்த வட்டாரம் இது. ஓர் அமைச்சர் மாற்றிவிடக்கூடிய நோய் இல்லை என்பது உண்மைதான். ஆனால் அந்த ஊரிலிருந்து கோட்டைக்குப் போகிற ஒவ்வொருவரும் முதலில் பேச வேண்டியது இதைப் பற்றித்தான்.

கட்சிக் கொறடாவின் உத்தரவை மீறினால் பதவி போகும் என்று சொல்வார்கள். 1985இல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டம் கட்டிப்போட்டது சபையில் போடும் ஓட்டை. பேச்சை அது கட்டவில்லை. கேள்வி நேரத்தில் எழுந்து நின்று, தறிக்காரர் கூலி ஒப்பந்தம் ஏன் இழுபறியாகவே இருக்கிறது என்று ஆளுங்கட்சி உறுப்பினரும் கேட்கலாம். விசைத்தறிக்கு இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் என்றிருந்த இலவச மின்சாரம் 750 ஆகி, 2023இல் 1,000 ஆனது. அது தானாக உயரவில்லை. பல ஊர்த் தறிக்காரர்கள் வீதியில் நின்றதும் அவர்கள் குரல் சட்டமன்றத்தில் எதிரொலித்ததும் சேர்ந்துதான் உயர்த்தின.

முத்துச்செல்வியையும் ராஜலட்சுமியையும் உருவாக்கிய பள்ளிக்கூடம் நகராட்சி. அந்தப் பள்ளிக்கூடத்தை நாம் என்ன செய்தோம்? 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்த நகராட்சிகளுக்கு 2022 பிப்ரவரியில்தான் தேர்தல் நடந்தது. ஐந்து ஆண்டுக்கும் மேலாகத் தனி அலுவலர்கள் கையெழுத்துப் போட்டார்கள். தெருவிளக்கு எரியவில்லை என்று போய்ச் சொல்ல வார்டுக்கு ஓர் ஆள் இல்லை. தேர்தல் வந்தபோது, தலைவரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் முறை போயிருந்தது. கவுன்சிலர்கள் கூடித் தலைவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். 2011இல் முத்துச்செல்விக்கு ஓட்டுப் போட்ட சங்கரன்கோவில்காரருக்கு இன்று தன் நகராட்சித் தலைவர் யார் என்பதில் நேரடியான குரல் கிடையாது. எனக்கு இது பெரிய இழப்பாகவே படுகிறது. ஊர் முழுக்க ஓட்டுக் கேட்டு ஜெயித்த பெண்ணுக்கு ஊர் தெரியும். ஊருக்கும் அவரைத் தெரியும்.

ஒரே ஒரு நல்ல மாற்றம் நடந்திருக்கிறது. உள்ளாட்சியில் பெண்களுக்கான இடம் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதியாக உயர்ந்தது. அதனால் இன்று காலை ஆறு மணிக்குச் சங்கரன்கோவிலில் ஏதோ ஒரு வார்டில், குழாயில் தண்ணீர் வரவில்லை என்று காலிக் குடத்தோடு வந்து நிற்கிறவர்களுக்குப் பதில் சொல்ல ஒரு பெண் கவுன்சிலர் கதவைத் திறக்கிறார். கட்சிகள் வேட்பாளர் பட்டியல் எழுத உட்காரும்போது அந்தப் பெண்ணின் பெயரும் மேசைமேல் இருக்க வேண்டும். ஐந்து ஆண்டு கழித்து அதை அடிப்பதானால், ஏன் அடித்தோம் என்று அந்த வார்டு மக்களிடம் போய்ச் சொல்லட்டும்.