கன்னியம்மாவின் கோபம்

கற்பனைக் காட்டுக்குடிகளுக்குச் சாமி, சாபம், பாஷை என்று எல்லாம் உண்டாக்கித் தரும் மாயாஜால நாவல்களைத் தலையணைப் பருமனில் வாங்கிப் படிக்கிறார்கள் நம் பிள்ளைகள். படிக்கட்டும். உத்திரமேரூர்ப் பக்கம் ஏரிக்கரையிலும் செங்கல் சூளை ஓரத்திலும் குடியிருக்கும் இருளர் பழங்குடியினரின் கதை அவர்களில் எத்தனை பேர் காதில் விழுந்திருக்கும்? இருளர் தெய்வம் கன்னியம்மா கோபித்துக்கொண்டு கடலுக்குள் போய்விட்டாளாம். அவளைச் சமாதானப்படுத்தி வீட்டுக்கு அழைக்கத்தான் மாசி மகத்துக்கு மாமல்லபுரம் கடற்கரையில் கூடுகிறார்கள். புடவையைக் கட்டிக் கூடாரம். ஈர மணலில் ஏழு படி. படிமேல் பூ, பழம், வெற்றிலை. விடியற்காலையில் அங்கேயே கல்யாணமும் நடக்கிறது. காட்டுச் சனத்தின் சாமி கடலில் இருப்பது எந்த நாவலாசிரியருக்குத் தோன்றும்? அதே உத்திரமேரூரில் உள்ள, பராந்தக சோழன் காலத்துக் குடவோலைத் தேர்தல் கல்வெட்டை ஊரே கொண்டாடுகிறது. கல்லில் ஏறாத கதைக்கு அந்த மரியாதை இல்லை. இருளர் என்றால் பாம்பு பிடிப்பவர், அதோடு நம் ஆர்வம் முடிந்தது. 2023-இல் இருளர்களான வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்ததும் அந்தத் திறமைக்குத்தான், தகும். நான்காம் வகுப்புத் தமிழில் கன்னியம்மாவுக்கு இரண்டு பக்கம் ஒதுக்கலாம். கதை சொல்ல இருளர் பாட்டி ஒருவரையே வகுப்புக்கு அழைக்கலாம், பஸ் காசும் ஒருநாள் கூலியும் கொடுத்து.