ஆடிப்பட்டத்தில் ஒரு லீவு நாள்



“ஆடிப்பட்டம் தேடி விதை” என்று ஊரில் சொல்வார்கள். லண்டனில் எங்களுக்கு வயலுமில்லை, விதைநெல்லுமில்லை. ஆனாலும் ஆடியும் ஆவணியும் இங்கேயும் வருகின்றன. பாடசாலைகளுக்கு ஆறு கிழமை விடுமுறை. இரவு எட்டு மணிக்கும் வெளிச்சம் இருக்கிறது. வேலைக்குப் போகிறவர்களும் பிள்ளைகளுக்காக ஒன்றிரண்டு நாள் லீவு எடுக்கிறார்கள். அந்த லீவு நாளில் எதை விதைக்கலாம் என்பதுதான் இம்முறை இந்தப் பக்கத்தின் விஷயம்.

எம்மவர் வீடுகளில் கோடை லீவு பெரும்பாலும் இரண்டு விதமாகப் போகும். ஒன்று, பெரிய பிரயாணம். ஊருக்கோ, கனடாவில் உள்ள தம்பி வீட்டுக்கோ விமானம் ஏறுவது. அதற்குப் பணமும் வேண்டும், நீண்ட லீவும் வேண்டும். மற்றது, ஒன்றுமில்லாமல் கழிவது. காலையில் பத்து மணி வரை நித்திரை, பிறகு காரில் ஓடிப்போய்ச் சாமான் வாங்குவது, பின்னேரம் ஏதாவதொரு மண்டபத்தில் பிறந்தநாள் விழா. இந்த இரண்டுக்கும் நடுவில் செலவில்லாத மூன்றாவது வழி ஒன்று உண்டு. வீட்டைச் சுற்றியுள்ள சின்னச் சின்ன அலுவல்களையே ஓர் உலாவாக்கி, வீட்டிலுள்ள மூத்தவர்களையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு பஸ்ஸில் போய் வருவது.

இந்த நாட்டிலும் உழைப்பவனுக்கு விடுமுறை சும்மா கிடைத்துவிடவில்லை. 1871ஆம் ஆண்டில் சேர் ஜோன் லபக் என்ற பாராளுமன்ற உறுப்பினர் கொண்டுவந்த சட்டத்தினால்தான் வங்கி விடுமுறை நாட்கள் உண்டாயின. அவற்றில் ஆகஸ்ட் முதல் திங்களும் ஒன்று. சனங்கள் மகிழ்ச்சியில் அந்த நாளைப் “புனித லபக் தினம்” என்று வேடிக்கையாக அழைத்தார்களாம். 1971ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இங்கிலாந்தில் அது ஆகஸ்டின் கடைசித் திங்கள் ஆயிற்று. லபக் எறும்புகளையும் தேனீக்களையும் ஆராய்ந்து 1882இல் நூல் எழுதியவர். எறும்பின் உழைப்பைக் கூர்ந்து பார்த்தவருக்கு மனிதனின் களைப்பும் தெரிந்திருக்கிறது!

ஆனால் நான் சொல்லப்போகும் உலாவுக்கு வங்கி விடுமுறைத் திங்கள் உதவாது. அன்று நூலகமும் வைத்தியரின் இடமும் பூட்டியிருக்கும். சாதாரண வேலைநாள் ஒன்றில் லீவு எடுங்கள். அதற்குக் காரணம் உண்டு.

வீட்டில் இருக்கும் அம்மாவையும் அப்பாவையும் ஒருமுறை நினைத்துப் பாருங்கள். அவர்களுக்குத் தெரிந்த லண்டன் எது? கோயில், வைத்தியர், மகள் வீடு, தமிழ்க் கடை. இவற்றுக்கு நடுவில் உள்ளதெல்லாம் கார்க் கண்ணாடிக்கு வெளியே ஓடி மறைந்த காட்சி. எனக்குத் தெரிந்த அம்மா ஒருவர் மகனிடம் வந்து ஒன்பது வருடம். கோயிலில் அவரைத் தெரியாதவர் இல்லை. ஆனால் வீட்டுப் படியிறங்கி வலப்பக்கம் திரும்பினால் என்ன வரும் என்று கேட்டால் அவருக்குத் தெரியாது. ஊரில் அவர் அதிகாலையில் தனியே பஸ் ஏறிச் சந்தைக்குப் போய் வந்தவர். போர்க்காலத்தில் மூன்று பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு இருட்டில் வழி கேட்டுக் கேட்டு இடம்பெயர்ந்தவர். அப்படிப்பட்டவர் இங்கே மகன் வேலை முடிந்து வரும்வரை ஜன்னலோரம் இருக்கிறார். சாப்பாட்டுக்கும் உடுப்புக்கும் ஒரு குறையுமில்லை. தன் எண்ணப்படி வெளியே போய் வரும் சுதந்திரம் ஒன்றுதான் இல்லை.

“நான்தான் காரில் கொண்டுபோய் விடுகிறேனே” என்று பிள்ளைகள் சொல்வார்கள். அதுவும் அன்புதான், மறுக்கவில்லை. ஆனால் கார் வெளியே போயிருக்கும் நேரமெல்லாம் அவர்களுக்கு வாசற்கதவு பூட்டின மாதிரித்தானே? ஒரு லீவு நாளில் நாங்கள் விதைக்க வேண்டியது இதுதான்: பெரியவர் ஒருவர் தனியே போய்த் தனியே திரும்பி வரக்கூடிய ஒரு வழி. ஒரே ஒரு வழி போதும்.

உதாரணத்துக்குத் தென் லண்டனில் ரூட்டிங் பக்கத்தை எடுத்துக்கொள்கிறேன். ஈஸ்ட்ஹாமிலும் ஹரோவிலும் இருப்பவர்கள் தங்கள் தெருவுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம்.

முதல் நாள் இரவே மூன்று அலுவல்களை ஒரு துண்டுக் கடுதாசியில் எழுதுங்கள். முதலாவது, கண் பரிசோதனை. இங்கிலாந்தில் 60 வயது கடந்தவர்களுக்குத் தேசிய சுகாதார சேவையின் கீழ் இது இலவசம். 16 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கும் அப்படியே. ஊரில் வாங்கிய பழைய கண்ணாடியை நூல் கட்டிப் போட்டுக்கொண்டிருக்கும் அப்பாமார் இன்னும் எத்தனை பேர்! முன்கூட்டியே நேரம் பதிந்து வைத்தால் பாட்டிக்கும் பேரனுக்கும் ஒரே நாளில் முடிந்துவிடும். இரண்டாவது, நூலகம். அங்கத்துவ அட்டைக்குக் காசில்லை. 1999ஆம் ஆண்டிலிருந்து ஒவ்வொரு கோடையிலும் நூலகங்களில் பிள்ளைகளுக்கு வாசிப்புப் போட்டி நடக்கிறது. தமிழர் கூடுதலாக வாழும் பகுதிகளில் சில நூலகங்களில் தமிழ்ப் புத்தகங்களும் உண்டு. இல்லாவிட்டால் கேளுங்கள், கேட்காத பொருளை யாரும் வாங்கி வைக்கமாட்டார்கள். மூன்றாவது, செப்டெம்பரில் பாடசாலை தொடங்குமுன் பிள்ளைக்குச் சப்பாத்து. அதோடு ரூட்டிங் சந்தைக்குள்ளும் ஒரு சுற்று. 1930இல் தொடங்கிய அந்தக் கூரைச் சந்தையில் நடந்தால் பெரியவர்களுக்கு ஊர்ச் சந்தையின் நினைவு வரும்.

இனிப் பஸ். காரை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். லண்டனில் வசிக்கும் குறிப்பிட்ட வயது நிறைந்த மூத்தவர்களுக்கு இலவசப் பிரயாண அட்டை உண்டு. வேலைநாட்களில் காலை 9 மணிக்குப் பின்பும், சனி, ஞாயிறு, வங்கி விடுமுறை நாட்களில் எந்நேரமும் பஸ்ஸில் செல்லும். 11 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குப் பஸ்ஸும் டிராமும் இலவசம். காசு கொடுக்கிற உங்களுக்கும், ஒரு மணித்தியாலத்துக்குள் பஸ் மாறினால் மறுபடி கட்டணம் இல்லை. இத்தனை வசதி இருந்தும் அந்த அட்டை பல வீடுகளில் சுவாமி அறை மேசை இழுப்பறையில் பத்திரமாகத் தூங்குகிறது.

அன்றைக்கு அம்மாதான் முன்னால் நடக்க வேண்டும். நீங்கள் பின்னால் வாருங்கள். பேரப்பிள்ளை பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுக்கட்டும்: பஸ்ஸின் இலக்கம் எது, தரிப்பிடக் கம்பத்தின் உச்சியில் உள்ள எழுத்து எது, ஏறும்போது அட்டையை ஒருமுறை வைத்தால் போதும், இறங்கும்போது வைக்கத் தேவையில்லை, நிலக்கீழ் ரெயிலில் மட்டும் இரண்டு தரமும் வைக்க வேண்டும். அடுத்த தரிப்பிடத்தின் பெயரைப் பஸ் தானாகவே சொல்லும். அந்தப் பெயரைக் காதால் பழகிவிட்டால் எழுத்துக் கூட்டி வாசிக்கத் தேவையில்லை. முழங்கால் நோவுள்ளவர்களுக்கு முன்பக்கத்தில் இருக்கைகள் ஒதுக்கியிருக்கிறார்கள். இறங்கும் இடத்தைத் தவறவிட்டால்? அடுத்த தரிப்பிடத்தில் இறங்கி, தெருவைக் கடந்து, அதே இலக்கப் பஸ்ஸில் திரும்பி வருவது. இதை ஒருமுறை வேண்டுமென்றே செய்து காட்டுங்கள். பயத்தில் பாதி அதோடு போய்விடும்.

அலுவல்கள் முடிந்ததும் கட்டுச்சோற்றையும் போத்தலில் தேத்தண்ணீரையும் எடுத்துக்கொண்டு ரூட்டிங் புறோட்வேயில் ரெயில் ஏறினால் மூன்றாவது நிலையம் மோர்டன். அங்கிருந்து சிறிது நடந்தால் மோர்டன் ஹோல் பூங்கா. 1941இல் அதன் உரிமையாளர் ஹாட்ஃபீல்ட் காலமானபோது தேசிய நம்பிக்கை நிதியத்துக்கு எழுதிவைத்துப் போன நிலம் அது. உள்ளே போகக் காசில்லை. வாண்டில் என்ற சிற்றாறு நடுவே ஓடுகிறது. அதன் கரையில் தண்ணீர்ச் சக்கரத்தோடு பழைய ஆலைக் கட்டிடங்கள் நிற்கின்றன. அங்கே எதை அரைத்தார்கள் தெரியுமா? மூக்குத்தூள்! 1922 வரை புகையிலையை அரைத்து மூக்குத்தூள் செய்த இடம். இதைச் சொன்னதும் அப்பப்பாமாரின் முகத்தைப் பாருங்கள். யாழ்ப்பாணத்துப் புகையிலைத் தோட்டத்திலிருந்து, வெள்ளி டப்பி வைத்திருந்த வாத்தியார் வரைக்கும் கதை வரும். பேரப்பிள்ளைக்கு அது எந்தத் தமிழ் வகுப்பிலும் கிடைக்காத பாடம்.

அம்மம்மாமாருக்கும் அந்த ஆற்றில் ஒரு கதை உண்டு. 17ஆம் நூற்றாண்டில் இந்தியாவிலிருந்து, சிறப்பாகச் சோழமண்டலக் கரையிலிருந்து, பூப்போட்ட பருத்தித் துணி இங்கே வந்து இறங்கியபோது பெண்கள் அதை விரும்பி வாங்கினார்கள். உள்ளூர் நெசவாளர் தங்கள் பிழைப்புப் போகிறதென்று கொதித்தெழுந்தார்கள். 1700இலும் 1721இலும் பாராளுமன்றம் அத்தகைய துணிக்குத் தடைபோட்டுச் சட்டம் இயற்றியது. அந்தத் துணியைப் பார்த்து இங்கேயே அச்சிடும் தொழில் வளர்ந்த இடங்களில் வாண்டில் கரையும் ஒன்று. ஓவியக் கலைஞர் வில்லியம் மொறிஸ் 1881இல் தம் பட்டறையை இதே ஆற்றங்கரையில், மேட்டனில்தான் அமைத்தார். “சீத்தைத் துணி” என்று அம்மம்மா சொல்வாரே, அதுதான் அந்தப் பூப்போட்ட துணி. பேத்தி பள்ளிக்கூடத்தில் மொறிஸைப் படித்திருப்பாள்; அம்மம்மாவிடம் சீத்தை என்ற சொல் இருக்கிறது. ஆற்றங்கரை வாங்கில் இருவரையும் அருகருகே இருக்கவிட்டு நீங்கள் சற்றுத் தள்ளி நடவுங்கள்.

அந்த ஆறும் ஒரு காலத்தில் செத்துக் கிடந்ததுதான். ஆலைக் கழிவு சேர்ந்து 1960களில் சாக்கடை என்றே சொல்லப்பட்டது. பிறகு சுத்தப்படுத்தினார்கள். பள்ளிப் பிள்ளைகள் வகுப்பறைத் தொட்டியில் ட்ரவுட் மீன்குஞ்சுகளை வளர்த்து ஆற்றில் விட்டார்கள். இன்று மீன் ஓடுகிறது. சின்னக் கைகளால் ஆகிற காரியமும் உண்டு.

உடம்புக்கும் இதில் பயனுண்டு. எங்கள் நிறத் தோலுக்கு இந்நாட்டு வெயிலில் விற்றமின் டி போதியளவு ஊறாமல் போகலாம் என்பதால், வருடம் முழுவதும் நாளொன்றுக்கு 10 மைக்ரோகிராம் எடுப்பதை யோசிக்கும்படி சுகாதார சேவை சொல்கிறது. அதை மருந்துக் கடையில் விசாரியுங்கள். நடையும் நாலு பேரின் முகமும் குளிசையில் கிடைக்காதவை.

ஒரு நாளில் எல்லாம் பழகிவிடாது. இரண்டாவது முறை பத்து அடி பின்னால் நில்லுங்கள். மூன்றாவது முறை வீட்டு வாசலில் நின்று வழியனுப்புங்கள். கைப்பையில் வீட்டு விலாசமும் தொலைபேசி இலக்கமும் பெரிய எழுத்தில் இருக்கட்டும். மேலே சொன்ன அம்மாவைப் பேத்தி சென்ற கோடையில் இப்படித்தான் நூலகத்துக்குக் கூட்டிப் போனாள். இப்போது கிழமைக்கு ஒருமுறை தானே போகிறார். “இண்டைக்குப் பஸ் ரைவர் எனக்காகக் காத்து நிண்டவன்” என்று மகனுக்குச் செய்தி சொல்ல அவரிடமும் ஒன்று இருக்கிறது.

இதற்குக் கோடையை விட்டால் காலமில்லை. ஒக்டோபர் கடைசி ஞாயிறன்று மணிக்கூட்டைப் பின்னுக்குத் தள்ளிவிடுவோம். டிசெம்பரில் பகல் எட்டு மணித்தியாலத்துக்கும் குறைவு. அந்த இருட்டில் புது வழி பழகுவது யாருக்கும் முடியாத காரியம். இப்போதே பழகிய வழியென்றால் மாரியிலும் கால் தானாகப் போகும்.

ஒரே தெருவில் இரண்டு மூன்று எம்மவர் குடும்பங்கள் இருந்தால் பெரியவர்களைச் சோடி சேர்த்துவிடுங்கள். பிள்ளைகள் தூரத்தில் இருக்கும் மூத்தவர்கள் எங்கள் சங்கத்திலும் சிலர் இருக்கிறார்கள். உங்கள் அம்மாவோடு அவர்களில் ஒருவரையும் சேர்த்துக் கூட்டிப் போனால் பஸ்ஸில் இடம் குறையப்போவதில்லை. வருகிற வெள்ளி பூசை முடிந்து பிரசாதம் வாங்கும்போது யாரோடு, எந்த நாளில் என்று பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்.

அடுத்த இதழில் சந்திப்போம். வணக்கம்.