மாட்ஸுயே உபாத்தியாயர்

1890-ம் வருஷம் மாட்ஸுயே என்னும் ஜப்பானிய ஏரிக்கரைப் பட்டணத்துக்கு ஆங்கில உபாத்தியாயராய் வந்தார், லாப்காடியோ ஹெர்ன். மாதச் சம்பளம் 100 யென். கண்ணோ ஒன்றுதான் தெரியும். ஐந்து மணி நேரப் பாடம் முடிந்து வீடு திரும்பியதும், உத்தியோக உடுப்பைக் களைந்து ஜப்பானிய அங்கி தரித்து, தாழ்வாரத்தில் அமர்ந்து தோட்டத்தைப் பார்த்திருப்பார்.

முன்பிருந்த அன்னிய உபாத்தியாயர் தங்களைக் காட்டுமிராண்டிகள் என்று கூறியதாக ஒரு மாணவன் அவரிடம் சொன்னான். சக்கரவர்த்தியின் படத்துக்கு அவர்கள் வணங்கியதே குற்றமாம்! அவ்வணக்கம் உன் கடமை என்றார் ஹெர்ன். அதன் பெயரால் 1945 வரை நடந்த யுத்தங்களை எண்ணும்போது இப்பதில் நமக்குப் பூரண திருப்தி அளிக்கவில்லை. ஆயினும், புண்பட்ட பையன் மற்றோர் அன்னியரிடமே மனம் திறந்தானே, அதை என்னென்பது!

குளிர் தாங்காமல் 1891 நவம்பரில் அவர் தெற்கே குமமோட்டோ நகரத்துக்குப் புறப்பட்டபோது, மாணவர்கள் படகுத்துறை வரை உடன் சென்றார்கள்.