பொதுக்களமே போட்டிக்கு அழகு

'தன் ஊருக்கு யானை, அயலூருக்குப் பூனை' என்பது தமிழ்ப் பழமொழி. ஒருவரின் உண்மையான வலிமையை அறிய வேண்டுமாயின், இரு தரப்பினருக்கும் பொதுவான களத்தில் அவரைப் போட்டியிடச் செய்தல் வேண்டும். கண்டங்களுக்கிடையிலான கால்பந்துக் கோப்பையின் வரலாறு இதனைத் தெளிவாக உணர்த்துகிறது.

ஐரோப்பாவில் வாகை சூடிய கழகமும் தென்னமெரிக்காவில் வாகை சூடிய கழகமும் மோதும் இப்போட்டி 1960ஆம் ஆண்டு தொடங்கியது. முதல் ஆட்டம் உருகுவே நாட்டின் மான்டிவீடியோவில் கோல் ஏதுமின்றி முடிந்தது. மறு ஆட்டம் மாட்ரிட் நகரில் நடந்தது. அதில் ரியல் மாட்ரிட் கழகம் பெனரோல் கழகத்தை 5-1 என்னும் கணக்கில் வென்று கோப்பையைக் கைப்பற்றியது. ஒவ்வொரு கழகமும் தன் மண்ணில் ஓர் ஆட்டமும் எதிரியின் மண்ணில் ஓர் ஆட்டமும் ஆடுவதே அன்றைய முறை.

இம்முறை நேர்மையானது போலத் தோன்றினும் நாளடைவில் பகையையே வளர்த்தது. 1969ஆம் ஆண்டு புவெனஸ் அயர்ஸ் நகரில் நடந்த ஆட்டத்தில் மிலான் கழக வீரர் நெஸ்டர் கொம்பின் முகத்தில் குருதி வழியும் அளவிற்குத் தாக்கப்பட்டார். எதிரணியான எஸ்டூடியன்டெஸ் கழகத்தின் வீரர் மூவர் சிறைக்குச் சென்றனர். அடுத்து வந்த ஆண்டுகளில் அயாக்ஸ், பேயர்ன் மியூனிக் போன்ற ஐரோப்பிய வாகையர் இப்போட்டியில் ஆட மறுத்தனர். 1975, 1978 ஆகிய ஆண்டுகளில் போட்டியே நடைபெறவில்லை.

அழியும் நிலையிலிருந்த போட்டியைப் பொதுக்களமே காத்தது. 1981 பிப்ரவரி முதல் ஜப்பானில் ஒரே ஆட்டமாக அது நடத்தப்பட்டது. டோக்கியோவில் எவரும் உள்ளூரார் அல்லர். எவரும் அந்நியரும் அல்லர். 2004 வரை ஜப்பானில் நடந்த 25 ஆட்டங்களில் ஐரோப்பியக் கழகங்கள் 13 முறையும் தென்னமெரிக்கக் கழகங்கள் 12 முறையும் வென்றன. களம் பொதுவானபோது திறமைகள் ஏறத்தாழச் சமமாக நின்றன.

சொந்த மண்ணின் ஆரவாரமே ஆட்டத்திற்கு உயிர் என்பார் உளர். ஆரவாரம் வீரரை ஊக்குவிக்கும் வரை அது சிறப்பே. எதிரியை அச்சுறுத்தும் கருவியாக அது மாறும்போது வெற்றி தன் பெருமையை இழந்துவிடுகிறது.

பொதுக்களம் மட்டும் போதுமா? போதாது. அக்கோப்பையில் ஆப்பிரிக்காவிற்கும் ஆசியாவிற்கும் இடமே இல்லை. எல்லாக் கண்டங்களுக்கும் வாயில் திறந்த உலகக் கழகக் கோப்பைப் போட்டியில், 2010ஆம் ஆண்டு காங்கோ நாட்டின் மசெம்பே கழகம் பிரேசிலின் இன்டர்நேஷனல் கழகத்தை 2-0 என வென்று இறுதியாட்டத்திற்குச் சென்றது. வாய்ப்பு அளிக்கப்படாதவரைத் திறமையற்றவர் எனக் கருதுவது எத்துணைப் பிழை என்பதை அவ்வெற்றி காட்டியது.

இன்று எஞ்சியிருப்பது பணத்தால் வரும் ஏற்றத்தாழ்வு. 2012இல் பிரேசிலின் கொரிந்தியன்ஸ் கழகம் வென்ற பின்னர், 2025 வரை அக்கோப்பை ஐரோப்பாவை விட்டு நீங்கவில்லை. தென்னமெரிக்காவிலும் ஆப்பிரிக்காவிலும் வளரும் இளைஞரைச் செல்வம் மிக்க ஐரோப்பியக் கழகங்கள் இளமையிலேயே அழைத்துக்கொள்கின்றன. ஒரு வீரர் விலைக்கு மாறும்போது, அவரைச் சிறுவயதில் பயிற்றுவித்த கழகங்களுக்கு அத்தொகையில் 5 விழுக்காடு வரை வழங்க வேண்டும் என ஃபிஃபா விதித்துள்ளது. இப்பங்கு உயர்த்தப்படல் வேண்டும். நாற்று வளர்த்தவருக்கும் விளைச்சலில் உரிய பங்கு கிடைப்பதே நீதி.

ஆடுகளம் பொதுவாதல், வாயில் அனைவருக்கும் திறந்திருத்தல், உழைத்தவருக்கு உரிய பங்கு கிடைத்தல் ஆகிய மூன்றும் அமைந்தால்தான் ஒரு கழகம் தன்னை உலக வாகையர் என்று கூறிக்கொள்வது பொருளுடையதாகும்.