போன்சாய்க்கு எதிரி கத்தரியா, இருட்டா?

மாணவர்களே, சுங்கை பூலோ நர்சரிகளுக்கோ பேரங்காடியின் செடிப் பகுதிக்கோ போனால் ஒரு குட்டி மரத்தைக் கட்டாயம் பார்ப்பீர்கள். இஞ்சிபோல் தடித்த வேர், அதன் தலையில் ஒரு கொத்துப் பச்சை இலை, கையளவு சட்டி. 'ஃபைக்கஸ் ஜின்செங்' என்று பெயர் எழுதியிருக்கும். கூடவே 'இன்டோர் போன்சாய்', அதாவது வீட்டுக்குள் வளர்க்கும் போன்சாய் என்று ஒரு சீட்டும் தொங்கும். சீட்டை நம்பி வாங்கி வந்து தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் வைக்கிறோம். சில வாரங்களில் இலைகள் கொட்டத் தொடங்குகின்றன. "எனக்குக் கைராசி இல்லை" என்று சொல்லி ஒருநாள் குப்பையில் போட்டுவிடுகிறோம்.

கைராசியின் மேல் பழி போடாதீர்கள். தவறு அந்தச் சீட்டில் இருக்கிறது. நம் நாட்டில் ஃபைக்கஸை வீட்டு மூலையில் வளர்க்க எந்தக் காரணமும் இல்லை என்பது என் கருத்து. ஏன் என்று சொல்கிறேன், நீங்களே சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

எந்த ஊருக்கு எழுதிய சீட்டு?

லண்டனிலோ தோக்கியோவிலோ குளிர்காலத்தில் வெப்பநிலை உறைநிலைக்கு அருகில் இறங்கும். வெப்பமண்டல மரமான ஃபைக்கஸ் அதைத் தாங்காது. ஆகவே அங்குள்ளவர்கள் அதை வீட்டுக்குள் கொண்டுபோகிறார்கள். அவர்களுக்கு 'இன்டோர்' என்றால் 'குளிர் தாங்காத மரம்' என்றுதான் பொருள். 'வெளிச்சம் தேவையில்லாத மரம்' என்று யாரும் சொல்லவில்லை. அந்தச் சொல்லை அப்படியே இறக்குமதி செய்து நாம் தவறாகப் படித்துவிட்டோம்.

கோலாலம்பூரில் இரவு சுமார் 24 பாகை, பகல் சுமார் 33 பாகை செல்சியஸ். காற்றில் ஈரப்பதம் எப்போதும் உண்டு. ஃபைக்கஸுக்கு இதைவிட நல்ல ஊர் வேண்டுமா? கடையில் விற்கும் இனத்தின் அறிவியல் பெயர் ஃபைக்கஸ் மைக்ரோகார்ப்பா. இந்தியா, இலங்கை தொடங்கி மலேசியா வழியாக ஆஸ்திரேலியா வரை இயற்கையாக வளர்வது. மலாயில் ஜெஜாவி, தமிழில் கல் இச்சி. ஆங்கிலத்தில் அதற்குள்ள பெயர்களில் ஒன்று 'மலாயன் பேனியன்', அதாவது மலாயா ஆலமரம். நம் ஊர் மரத்தைத்தான் அந்நியச் செடிபோல் அறைக்குள் பூட்டி வைக்கிறோம்.

சான்று வேண்டுமானால் பிரிக்பீல்ட்ஸ் பழைய கடைவீடுகளையோ கிள்ளான் தெங்கு கிளானா சாலை ஓரத்துக் கட்டடங்களையோ அண்ணாந்து பாருங்கள். சுவர் வெடிப்பிலும் மழைநீர்க் குழாயின் ஓரத்திலும் ஏதாவது ஒரு ஃபைக்கஸ் முளைத்திருக்கும். மைனாவும் கொண்டைக்குருவியும் பழத்தைத் தின்று எச்சமிடுகின்றன. அதிலுள்ள விதை, காரையில் தங்கிய கொஞ்சம் ஈரத்தில் முளைக்கிறது. அங்கே மண் இல்லை, உரம் இல்லை, தண்ணீர் ஊற்றவும் ஆள் இல்லை. ஆனால் வானம் திறந்திருக்கிறது. அந்த ஒன்று போதும் என்று அந்தச் செடி பிழைத்துக்கொள்கிறது. வீட்டு மூலையில் மற்ற எல்லாம் கொடுத்து அந்த ஒன்றை மட்டும் மறுக்கிறோம்.

கண் சொல்லும் பொய்

"எங்கள் வீட்டு வரவேற்பறை நல்ல வெளிச்சமாகத்தானே இருக்கிறது?" என்று கேட்பீர்கள். இங்கேதான் கண் நம்மை ஏமாற்றுகிறது. வெளிச்சம் குறைந்தால் கண்மணி விரிந்து ஈடுகட்டிவிடும். இலைக்கு அந்த வசதி கிடையாது.

வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகால் அளக்கிறோம். நண்பகல் வெயில் ஏறக்குறைய 1,00,000 லக்ஸ். வெளியே மர நிழலில்கூட பல ஆயிரம் லக்ஸ் இருக்கும். விளக்கு எரியும் வரவேற்பறையின் நடுவிலோ பெரும்பாலும் 100 முதல் 300 வரைதான். வெயிலோடு ஒப்பிட்டால் சில நூறில் ஒரு பங்கு.

படிவம் 5 உயிரியலில் 'தித்திக் பம்பாசான்' படிப்பீர்கள். தமிழில் ஈடுசெய் புள்ளி என்போம். ஒளிச்சேர்க்கையில் இலை செய்யும் உணவும் சுவாசத்தில் அது செலவழிக்கும் உணவும் சமமாகும் வெளிச்ச அளவு அது. வெளிச்சம் அதற்குக் கீழே போனால் வரவைவிடச் செலவு அதிகம். மரம் சேமிப்பை எடுத்துச் சாப்பிடுகிறது. ஜின்செங் ஃபைக்கஸின் தடித்த வேரில் சேமிப்பு ஏராளம். அதனால்தான் அது உடனே சாவதில்லை. மாதக்கணக்கில் மெல்ல மெல்லப் பட்டினி கிடக்கிறது. நாமோ "நன்றாகத்தானே இருந்தது, திடீரென்று போய்விட்டது" என்கிறோம்.

எங்கே வைப்பது?

பால்கனி இருந்தால் அதுவே முதல் இடம். இல்லையென்றால் சன்னலுக்கு மிக அருகில். புத்தகங்களில் 'தெற்குச் சன்னல்' என்று போட்டிருந்தால் அது வட நாடுகளுக்கான அறிவுரை. கோலாலம்பூர் நிலநடுக்கோட்டுக்கு 3 பாகை மட்டுமே வடக்கே இருக்கிறது. மார்ச் இறுதி முதல் செப்டம்பர் நடுப்பகுதி வரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும்; மற்ற மாதங்களில் தெற்கே. ஆண்டு முழுவதும் நேர்வெயில் கிடைப்பது கிழக்குச் சன்னலுக்கும் மேற்குச் சன்னலுக்கும்தான். காலை வெயில் மென்மையானது என்பதால் கிழக்குக்கே என் ஓட்டு.

இருட்டில் இருந்த செடியை ஒரே நாளில் நண்பகல் வெயிலில் தள்ளாதீர்கள். நிழலில் வளர்ந்த இலை மெல்லியது, கருகிவிடும். இரண்டு மூன்று வாரங்களில் படிப்படியாக நகர்த்துங்கள். இடம் மாறியதும் சில இலைகள் உதிர்ந்தால் பயப்பட வேண்டாம். புது வெளிச்சத்துக்கு ஏற்ற புது இலைகள் வரும். குளிர்சாதனக் காற்று நேராக வீசும் இடம் வேண்டாம். அடுக்குமாடியில் இருப்பவர்கள் சட்டியைக் கம்பிமேல் வைக்கவே கூடாது. மாடியிலிருந்து விழும் சட்டி ஆளைக் கொல்லும்.

சன்னலோரமும் கிடைக்காத அறையா? செடி விளக்கை ஒரு முழ உயரத்துக்குள் தொங்கவிட்டு நாளுக்கு 12 மணி நேரம் எரியவிடலாம். அதுவும் முடியாது என்றால் ஃபைக்கஸை விட்டுவிட்டு மணி பிளான்ட் வளருங்கள். இது தோல்வி அன்று, சரியான தேர்வு.

தண்ணீரும் மண்ணும் எளிது. விரலை ஒரு அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். மேல்மண் உலரத் தொடங்கியிருந்தால், அடித்துளை வழியே வழியும்வரை ஊற்றுங்கள். பால்கனியில் பெரும்பாலும் தினமும் தேவைப்படும். வேருக்கும் உயிர்வளி வேண்டும் என்பதால் களிமண் ஆகாது. சுட்ட மண், பருமணல், செங்கல் குறுணி கலந்தால் நீர் தேங்காது. செங்கல் சூளைகளால் பெயர் பெற்ற பிரிக்பீல்ட்ஸ்வாசிகளுக்குச் செங்கலின் அருமையைச் சொல்லவா வேண்டும்! ஆனால் சட்டிக்கு அடியில் உள்ள தட்டில் தண்ணீர் நிற்க விடாதீர்கள். ஒரு வாரம் தேங்கினாலே ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வந்துவிடும். ஒரு போன்சாய்க்காக வீட்டுக்கு டிங்கியை அழைக்க வேண்டுமா?

வெட்டுவது கொடுமையா?

"வானளாவ வளர வேண்டிய மரத்தைச் சட்டியில் குறுக்குவது கொடுமை" என்று உங்களில் பலர் நினைக்கலாம். இதைத் தட்டிக்கழிக்க முடியாது. ஆனால் அறிவியல் என்ன சொல்கிறது என்றும் பார்க்க வேண்டும். போன்சாய் மரபணுவில் குள்ளமான மரம் அன்று. தரையில் நட்டால் பெரிய மரமாகும். நுனிக் குருத்து ஆக்சின் என்ற வளரூக்கியை அனுப்பிப் பக்க மொட்டுகளை அடக்கி வைக்கிறது. நுனியைக் கிள்ளினால் பக்க மொட்டுகள் விழித்துக் கிளை அடர்த்தியாகிறது. காட்டில் மானும் ஆடும் மேயும்போது நடப்பதும் இதுதான்.

வாஷிங்டனில் உள்ள அமெரிக்கத் தேசிய மரத்தோட்டத்தில் ஒரு ஜப்பானிய வெள்ளைப் பைன் போன்சாய் இருக்கிறது. 1625 முதல் வளர்க்கப்பட்டு வருவது. 1945இல் ஹிரோஷிமாவில் அணுகுண்டு விழுந்தபோது அதே நகரில் யமாகி குடும்பத்தின் தோட்டத்தில் இருந்து பிழைத்தது. 1976இல் அமெரிக்காவுக்குப் பரிசாகத் தரப்பட்டது. தலைமுறை தலைமுறையாக வெட்டப்பட்டும் ஏறத்தாழ 400 ஆண்டுகள் வாழ்ந்திருக்கிறது. அதைக் காத்தது தினசரிக் கவனிப்பு. ஆகவே கொடுமை எது என்று என்னைக் கேட்டால், கத்தரியைக் காட்டமாட்டேன். அழகுக்காக வாங்கி, இருட்டில் வைத்து, காய்ந்ததும் எறிந்துவிட்டு இன்னொன்று வாங்குகிறோமே, அதைத்தான் காட்டுவேன்.

காசு கொடுத்து வாங்கத்தான் வேண்டுமா?

சுவரில் முளைத்த கன்று வளர்ந்தால் வேர் காரையைப் பிளக்கும். எப்படியும் அதை யாராவது பிடுங்கத்தான் போகிறார்கள். தரையில் நின்றபடியே எட்டும் கன்றாக இருந்தால், கட்டட உரிமையாளரிடம் கேட்டு, பெரியவர் துணையோடு வேருடன் எடுத்துச் சட்டியில் நடலாம். ஏணி போட்டு ஏற வேண்டாம். அல்லது தெரிந்தவர் வீட்டு ஃபைக்கஸில் பென்சில் பருமனுள்ள கிளையை ஒரு சாண் வெட்டி, ஈர மணலில் ஊன்றி நிழலில் வையுங்கள். சில வாரங்களில் வேர்விடும். வெட்டும்போது வடியும் பால் சிலருக்குத் தோலில் அரிப்பு உண்டாக்கும், கையுறை அணியுங்கள்.

அதற்கு முன் இந்த வாரம் ஒரு வேலை செய்யுங்கள். கைப்பேசியில் லக்ஸ் அளக்கும் இலவசச் செயலி ஒன்றை இறக்குங்கள். காலை 9, பகல் 1, மாலை 5 மணிக்கு வரவேற்பறை, சன்னலோரம், பால்கனி ஆகிய மூன்று இடங்களிலும் அளந்து அட்டவணை போடுங்கள். கைப்பேசி அளவு துல்லியமாக இராது; ஆனால் எங்கே எத்தனை மடங்கு வித்தியாசம் என்பது பளிச்செனத் தெரியும். பிறகு அந்த அட்டவணையை அம்மாவிடமோ அப்பாவிடமோ காட்டி, தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் இருக்கும் சட்டியை எங்கே மாற்றலாம் என்று கேளுங்கள். வாதாட வேண்டியதே இருக்காது, எண்களே பேசிவிடும்.