சேலத்தில் ஓடிய எஞ்சின் ஏற்காட்டில் ஏன் திணறுகிறது?

‘ஏற்காடு மலையில் மூன்று ஏக்கரில் காபி, மிளகு வைத்திருக்கிறேன். பத்தாம் வகுப்பு படிக்கும் என் மகன், பழைய டி.வி.எஸ். 50 எஞ்சினை வைத்து, காபி பழ மூட்டை ஏற்றிவர ஒரு குட்டி வண்டி செய்திருக்கிறான். சேலத்தில் ரீபோர் செய்து புது பிஸ்டன் போட்டோம். அங்கே ஓட்டிப் பார்த்தபோது நன்றாக இருந்தது. மேலே கொண்டு வந்ததும் புகை கக்குகிறது, பிளக் கறுக்கிறது, மேட்டில் இழுக்கவில்லை. பட்டறையில் ஏமாற்றிவிட்டார்களா? சரிசெய்தால் இதிலேயே பள்ளிக்கூடம் போகலாமா என்றும் கேட்கிறான்.’

- ஏற்காடு வாசகர் ஒருவர்.

பட்டறைக்காரரைத் திட்ட வேண்டாம். சேலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர் உயரம், ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். மேலே காற்று மெலிந்து கிடக்கிறது. எஞ்சின் ஒவ்வொரு முறை இழுக்கும்போதும், சேலத்தைவிட ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு காற்று குறைவாகத்தான் உள்ளே போகும். ஆனால் கார்புரேட்டரில் உள்ள ஜெட் துவாரம் அதேதான். பெட்ரோல் அந்த அளவுக்குக் குறைவதில்லை. எரியாத பெட்ரோல்தான் கரியாகப் பிளக்கில் படிகிறது. இழுவையும் கொஞ்சம் குறையத்தான் செய்யும். அதை எந்த மெக்கானிக்காலும் முழுதாகத் திருப்பித் தர முடியாது.

ஜெட்டில் கை வைக்கும் முன் சில்லறை விஷயங்களைப் பாருங்கள். ஏர் ஃபில்டர் அடைத்திருக்கிறதா? சோக் முழுதாகத் திறக்கிறதா? பழைய சைலன்சரையே மாட்டினீர்களா? டூ ஸ்ட்ரோக் வண்டியில் சைலன்சருக்குள்ளும், சிலிண்டரின் புகைவாயிலும் கரி அடைத்தால், எவ்வளவு ரீபோர் செய்தாலும் மேடு ஏறாது. அடுத்து ஆயில். மூடியில் உத்தேசமாக ஊற்றாமல், அளவு குப்பியில் அளந்து ஊற்றுங்கள். லிட்டருக்கு 20 மில்லி என்றால் 50-க்கு 1. உங்கள் எஞ்சினுக்கும், புது பிஸ்டன் பழகும் காலத்துக்கும் எவ்வளவு என்று கையேட்டைப் பார்த்தோ, போர் செய்தவரிடம் கேட்டோ முடிவு செய்யுங்கள்.

இதெல்லாம் சரியென்றால் பிளக்கைப் படிக்கலாம். எஞ்சின் நன்றாகச் சூடேறியதும், ஒரு மேட்டில் கொஞ்ச தூரம் ஏற்றி, அங்கேயே அணைத்து, ஆறியபின் கழற்றிப் பாருங்கள். உலர்ந்த கரி என்றால் பெட்ரோல் அதிகம். ஈரமாக எண்ணெய் பிசுபிசுத்தால் ஆயில் அதிகம். இளம் பழுப்பு நிறம் இருந்தால் கலவை சரி. வெளுத்திருந்தால் ஓட்டுவதை உடனே நிறுத்துங்கள், பெட்ரோல் போதவில்லை. உங்களுக்குக் கரிதான் என்பதால், மெயின் ஜெட்டை ஒரே ஒரு அளவு சிறிதாக மாற்றி மறுபடி பாருங்கள். கார்புரேட்டர் ஊசியில் பள்ளங்கள் இருந்தால், கிளிப்பை ஒரு பள்ளம் மேலே ஏற்றினாலும் ஊசி இறங்கிப் பெட்ரோல் குறையும். இரண்டையும் ஒரே நாளில் செய்தால் எது பலன் தந்தது என்று தெரியாது.

மேலே சரிசெய்த அதே ஜெட்டோடு வண்டியைச் சேலத்துக்குக் கொண்டுபோய் ஓட்டிவிடாதீர்கள். அங்கே காற்று கூடும், பெட்ரோல் போதாது, சூடேறி பிஸ்டன் சீஸ் ஆகிவிடும். புது பிஸ்டனுக்கு இந்த ஆபத்து அதிகம். கழற்றிய பழைய ஜெட்டைப் பத்திரமாக வையுங்கள்.

எனக்கு எஞ்சினைவிட பிரேக்தான் கவலை. பல தோட்டங்களில் பல்ப்பர் தண்ணீர் கிடைக்கும் பள்ளத்தில் இருக்கும். அதாவது காலி வண்டி மேட்டில் ஏறும், மூட்டையோடு இறக்கத்தில் வரும். 1980-ல் வந்த அந்த மொபெட், இரண்டு பேர் உட்கார்ந்து போகச் செய்தது. அதன் டிரம் பிரேக் ஈரமான மண் பாதையில் பாரத்தைத் தாங்கிப் பிடிக்கும் என்று நம்பாதீர்கள். இரண்டு சக்கரத்திலும் பிரேக் வேண்டும். ஒவ்வொரு நாளும் காலையில் முதலில் காலி வண்டியோடு இறங்கிப் பாருங்கள். இன்னொன்று, டூ ஸ்ட்ரோக்கில் ஆயில் பெட்ரோலோடு கலந்துதான் உள்ளே வருகிறது. நீண்ட இறக்கத்தில் ஆக்ஸிலேட்டரை முழுக்க மூடிக்கொண்டு வேகமாக இறங்கினால், ஆயிலும் கிட்டத்தட்ட நின்றுபோகும். மெதுவாக இறங்குங்கள், இடையிடையே லேசாகத் திறந்து மூடுங்கள்.

பள்ளிக்கூடத்துக்கு? கூடாது. பதிவு செய்யாத வண்டியைப் பொது இடத்தில் ஓட்டுவதை 1988-ம் வருட மோட்டார் வாகனச் சட்டம் அனுமதிப்பதில்லை. ஊர்ப் பாதையும் பொது இடம்தான். 50 சி.சி.-க்கு மேற்படாத வண்டிக்குக்கூட 16 வயது ஆகி, லைசென்ஸும் எடுத்திருக்க வேண்டும். 2019-ல் வந்த திருத்தத்தின்படி, சிறுவன் ஓட்டிக் குற்றம் நடந்தால் பெற்றோருக்கு 25,000 ரூபாய் அபராதமும், மூன்று வருடம் வரை சிறையும் விதிக்கலாம். இருபது கொண்டை ஊசி வளைவுள்ள சேலம் சாலையில் இறங்கும் ஆசை அவனுக்கு வரும். இப்போதே சொல்லி வையுங்கள். தோட்டத்துக்குள்ளும் மூட்டை இறக்குவது உங்கள் வேலையாக இருக்கட்டும்.

மழை மாதங்களில் வண்டியை நிறுத்தும்போது டேங்க்கையும் கார்புரேட்டரையும் காலி செய்துவிடுங்கள். இப்போதைய பெட்ரோலில் எத்தனால் கலந்திருக்கிறது. மலையின் மூடுபனி ஈரத்தை அது இழுத்துக்கொள்ளும். தண்ணீர் பிரிந்து அடியில் தங்கினால், அடுத்த சீசனில் மறுபடி இதே கேள்வியோடு எழுதுவீர்கள்.

ஜெட் மாற்றிய பிறகு பிளக் என்ன நிறத்தில் இருந்தது என்று பையனையே எழுதச் சொல்லுங்கள்.