பழி யாரைச் சாரும்?

"வங்கி பெருகினால் பழைய அந்நியோன்யம் குறைவது இயற்கை நியதி, வாடிக்கையாளர் மனம் கசந்து பிரயோஜனமில்லை" என்று சமாதானம் சொல்லும் அன்பர்களின் வாதத்தை என்னால் அங்கீகரிக்க இயலவில்லை. பிரிட்டனில் கைப்பேசி வழியாகவே இயங்கும் மான்ஸோ வங்கி, 2018-இல் ஏறத்தாழ 6 லட்சமாயிருந்த வாடிக்கையாளர் தொகையை 2022-க்குள் 58 லட்சமாகப் பெருக்கிக்கொண்ட வேகத்தில், பக்கிங்ஹாம் அரண்மனையையே தம் விலாசமாக எழுதிக் கொடுத்தவர்களுக்கும் கணக்குத் திறந்துவிட்டது என்பதும், அபாயம் மிகுந்தோரைச் சேர்க்கலாகாதென்ற தடையை மீறி 34,000-க்கும் அதிகமானோரைச் சேர்த்தது என்பதும், 2025 ஜூலையில் அதற்கு 2.11 கோடி பவுண்டு அபராதம் விதித்த அந்நாட்டு நிதி நடத்தை ஆணையமே கண்டறிந்த உண்மைகள். நம்பித் தன் சேமிப்பை ஒப்படைத்தவன் இதைக் கண்டு கசந்துகொள்வது முற்றிலும் நியாயம். சரிபார்க்கும் ஏற்பாடு சீராகும்வரை புதியவர்களைச் சேர்ப்பதை நிறுத்திவைப்பது நிர்வாகத்தின் கையில்தான் இருந்தது. அதைச் செய்யாத பொறுப்பு முழுவதும் நிர்வாகத்தையே சாரும்.